சிவப்புப் புள்ளி நின்ற இடம்

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்களோடு நான் சண்டைக்கு வரப்போவதில்லை, ஏனென்றால் நானே நம்பாத ஆள். வகுப்பில் ஒரு பையன், "ஏதோ ஒரு விசையில திரும்புது மேடம்" என்று சொன்னால், "அது என்ன ஏதோ? அளவு சொல்லு, அலகு சொல்லு" என்று நிற்கவைத்துக் கேட்பவள் நான். அப்படிப்பட்டவள் அளவும் அலகும் சொல்ல முடியாத ஒன்றைப் பார்த்தேன். இரண்டு அடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நடந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே கண் கூசும் வெயில். என்னை வாசலில் இறக்கிவிட்ட கணவர்கூட, "பட்டப்பகல்ல போற. பேய்க்குக்கூட இன்னிக்கு லீவு" என்று கிண்டல் செய்துவிட்டுத்தான் போனார். இப்போது அந்தக் கிண்டலை அவர் செய்வதில்லை.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் சிறிய செயற்கைக்கோள் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஒப்பந்த வேலை. பாடம் பாதி நேரம், மீதி நேரம் மாணவர்களோடு சேர்ந்து நிஜமாகவே ஒரு செயற்கைக்கோள் கட்டுவது. பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். இரண்டு செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கவைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான். ஆய்வகத்தில் நாங்கள் அதைப் 'பெட்டி' என்போம்.

நான் சேருவதற்கு முன்பே ஒரு பெட்டி மேலே போயிருந்தது. போன நாலாம் நாள் அது பம்பரம் மாதிரி சுற்ற ஆரம்பித்து, சுற்றிச் சுற்றியே செத்தது. பெட்டிக்குள் காந்தச் சுருள்கள் இருக்கும். பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவைதான். முதல் பெட்டியில் சுருளின் வயரைத் தலைகீழாக இணைத்துவிட்டார்கள். நிறுத்த வேண்டியது தள்ளிவிட்டது. கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு மதியம் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும்.

யார் தப்பு? ஓர் ஆராய்ச்சி மாணவியின் தப்பு என்று எனக்குச் சொன்னார்கள். சோதிக்காமலேயே சோதித்துவிட்டதாகத் தலைவரிடம் பொய் சொன்னாளாம். அவளைக் கேட்கலாம் என்றால் அவள் இல்லை. பெட்டி கிளம்புவதற்கு முந்தின வாரமே ஆய்வகத்தில் மயங்கி விழுந்து இறந்துவிட்டாள். பலவீனமான இதயம் என்றார்கள். பழைய மாணவர்கள் அவளை 'ஊதுகுழல்' என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாயாடியாக இருந்திருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

தலைவர் என்றது எங்கள் துறைத்தலைவரை. ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் வந்ததும் முதல் நாள் அவர்தான் பேசுவார். பேச்சின் நடுவில் திரையில் ஒரு படம் வரும். மேலே 'அலட்சியம்' என்று தலைப்பு. கீழே அவளுடைய புகைப்படம். கல்லூரி அடையாள அட்டையில் இருந்து எடுத்த, லேசாகச் சிரிக்கிற படம். செத்த பெண்ணை இப்படித் திரையில் நிற்கவைக்கிறாரே என்று எனக்கு உறுத்தும். ஆனாலும் அந்தப் பொய்யை நானும் நம்பினேன்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டாவது பெட்டி தயார். மாலை ஐந்து மணிக்கு அதை ஏற்றிப்போக வண்டி வருகிறது. ராக்கெட்டில் எங்களுக்கு ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். தவறவிட்டால் இன்னொருவருக்குப் போய்விடும். மூன்று வருடமாக மாணவர்கள் கண்விழித்தது எல்லாம் வீண். வண்டி வருவதற்கு முன் அந்தச் சுருள் சோதனை ஒன்றுதான் பாக்கி. தாளில் கையெழுத்து என்னுடையது. தேறாத பெட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டால், அடுத்த வருடம் திரையில் வரும் படம் என்னுடையதாக இருக்கும்.

சோதனை நடக்கும் உள்ளறையைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னல்களில் கறுப்புத் துணி. ஏசி கிடையாது, காற்று அசையக் கூடாது. நடுவில் ஆள் உயரத்துக்குச் செப்புக் கம்பி சுற்றிய ஒரு கூண்டு, மின்சாரம் விட்டால் விண்வெளியில் இருப்பது போன்ற காந்தப்புலத்தை உண்டாக்குவது. கூண்டின் நடுவில், ஒரே ஒரு மெல்லிய நூலில், பெட்டி தொங்கும். ஒரு மூலையில் பெரிய விளக்கு. அதுதான் சூரியன். பெட்டி தானாக விளக்கைக் கண்டுபிடித்து, முகத்தை அதன் பக்கம் திருப்பி நிற்க வேண்டும். முகம் என்பது கேமரா இருக்கும் பக்கம். அது எங்கே பார்க்கிறது என்று தெரிவதற்காக முகத்தில் ஒரு சின்ன லேசர் ஒட்டியிருப்போம். சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். விளக்குக்குப் பக்கத்தில் ஒரு தாள், தாளில் சிலுவை மாதிரி ஒரு குறி. புள்ளி அங்கே வந்து நின்றால் தேர்ச்சி.

சுருளின் பலம் ரொம்பக் குறைவு. நீங்கள் தும்மினால் போதும், பெட்டி சுற்றிவிடும். அதனால் எல்லோரும் முகமூடி போட்டு, சுவரோரம் ஒட்டி நிற்போம்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஈரம் படாமல் இருக்கப் பெட்டியை நைட்ரஜன் வாயு நிரப்பிய கண்ணாடி அலமாரியில் வைப்போம். நைட்ரஜன் விஷம் இல்லை. ஆனால் மூடிய அறையில் கசிந்தால் பிராணவாயுவை ஓரங்கட்டிவிடும். மணம் கிடையாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரும் சட்டையில் ஒரு சின்ன மீட்டர் குத்திக்கொள்ள வேண்டும். நல்ல காற்றில் அது பிராணவாயு 20.9 சதவீதம் என்று காட்டும். 19.5க்குக் கீழே போனால் கத்தும்.

அன்று உள்ளே மூன்று பேர். நான். சால்டரிங் அண்ணன், பதினைந்து வருடமாக வயர் பற்றவைக்கிறவர், நாள் முழுக்க ஏதாவது ஜோக் அடித்துக்கொண்டே இருப்பவர். மூன்றாவதாகத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன், அன்றைக்கு வந்து கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சீக்கிரம் முடிச்சிடும்மா. நீயும் கவுத்துடாத" என்றார்.

நைட்ரஜன் குழாயை அண்ணன் இறுக மூடினார். நான் ஒருமுறை சரிபார்த்தேன். மூன்று மீட்டரிலும் 20.9.

மதியம் 2.26. அறை விளக்கை அணைத்தேன். சூரியன் மட்டும் எரிந்தது.

முதலில் பெட்டியை லேசாகச் சுற்றிவிட வேண்டும். பிறகு அது தன்னையே நிறுத்திக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றிவிடுவது அண்ணன் வேலை, விரல் நுனியால். அவர் கூண்டுக்குள் கையை நீட்டினார்.

ஃபூ...

யாரோ மெதுவாக ஊதினார்கள். உதட்டைக் குவித்து, சூடான பாலை ஆற்றுவது போல.

பெட்டி சுற்ற ஆரம்பித்தது.

"தொட்டுட்டீங்களாண்ணா?"

"நான் இன்னும் கையே வைக்கல மேடம்..."

அவர் குரலில் ஜோக் இல்லை. நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். முகமூடியின் வழியாக மூச்சு அவ்வளவு தூரம் போகாது. கதவு வழியாகக் காற்று வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவு மூடியிருந்தது.

சிவப்புப் புள்ளி சுவர்களில் ஓடியது. கறுப்புத் துணி, அலமாரி, அண்ணன், நான், கதவு. மறுபடி கறுப்புத் துணி. வேகம் குறைந்தது. நல்லது, சுருள் வேலை செய்கிறது. புள்ளி தயங்கித் தயங்கி நகர்ந்து, விளக்கைக் கடந்து, சிலுவையைக் கடந்து...

தலைவரின் சட்டைப் பையில் போய் நின்றது.

"சார், பெட்டிக்கு நீங்கதான் சூரியனாம்" என்றேன். தலைவருக்கு அது பிடித்திருந்தது, சிரித்தார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்ன இந்த மனுஷன் இன்றைக்கு இப்படி என்று நினைத்தேன்.

எனக்கு அதில் ஒரு கணக்கு உதைத்தது. வயர் தலைகீழ் என்றால் பெட்டி விளக்குக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். தலைவர் நேர் எதிரில் இல்லை, ஓரமாக உட்கார்ந்திருந்தார். சரிக்கும் பொருந்தவில்லை, தப்புக்கும் பொருந்தவில்லை. அவருடைய போனின் காந்தம் இழுக்கிறதோ என்று போனை வெளியே வைக்கச் சொன்னேன். பெல்ட்டையும் கழற்றச் சொன்னேன். முறைத்துக்கொண்டே கழற்றினார். நாற்காலியை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னேன்.

2.51. மறுபடி முதலில் இருந்து.

ஃபூ...

இந்த முறை அண்ணன் கூண்டின் பக்கத்திலேயே இல்லை. என்னோடு சுவரோரம் ஒட்டி நின்றார். அவருடைய முழங்கை என் கையில் இடித்தது.

புள்ளி ஓடியது, தயங்கியது, நின்றது.

எதிர்ச் சுவரில். தலைவரின் சட்டைப் பையில்.

"என்ன விளையாட்டு இது?" என்றார்.

ஒரே வழிதான் இருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு நாடா கட்டிய ஒரு ஊசி செருகுவோம். அதைச் செருகினால் உள்ளே மின்சாரம் முழுக்க நின்றுவிடும். விண்ணுக்குப் போகும் முன் அதைப் பிடுங்குவார்கள். நான் போய் ஊசியைச் செருகினேன். கூண்டின் மின்சாரத்தையும் நிறுத்தினேன். இப்போது அது வெறும் அலுமினியம். லேசருக்கு மட்டும் தனி பேட்டரி.

"சார், கொஞ்சம் எழுந்து நடங்க."

"எதுக்கு?"

"நடங்க சார்."

நடந்தார்.

புள்ளியும் நடந்தது.

அவர் நின்றார். புள்ளி நின்றது. இரண்டு அடி பின்னால் வந்தார். புள்ளியும் பின்னால் வந்தது. உயிரே இல்லாத பெட்டி, நூலில் தொங்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பி அவரைப் பார்த்தது.

தலைவருக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மேசையில் இருந்த சோதனைத் தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"போதும். கையெழுத்துப் போடு. மேல போனா சரியாயிடும்."

"தேறல சார்."

"நான் சொல்றேன், போடு."

"நாளைக்கு அது சுத்துச்சுன்னா?"

"பாத்துக்கலாம்."

"யார் தலையில கட்டுவீங்க சார்?"

வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் சொன்ன பிறகு எனக்கு வருத்தமாக இல்லை. அவர் என் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"உன் வேலை வேணுமா வேணாமா? அந்தப் பொண்ணு மாதிரியே பேசற. அவ பொய் சொல்லிட்டு நிம்மதியா போய்ச் சேந்துட்டா. அசிங்கப்பட்டது நான்."

3.17. அதை ஏன் சரியாகச் சொல்கிறேன் என்றால், அப்போதுதான் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்.

திரும்பிப் பார்த்தபோது புள்ளி அவர் சட்டைப் பையில் இல்லை.

கொஞ்சம் மேலே இருந்தது.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒற்றை நூலில் தொங்கும் பெட்டி இடம் வலமாக மட்டுமே திரும்பும். மேலே பார்க்க வேண்டுமானால் அது சாய வேண்டும். சாய்வதற்கு யாராவது அதைப் பிடித்துச் சாய்க்க வேண்டும்.

பெட்டி சாய்ந்தது.

புள்ளி ஏறியது. பட்டன்... கழுத்து... தாடை...

வாய்.

முகமூடியின் நடுவில், வாய் இருக்கும் இடத்தில், சிவப்பாக நின்றது.

பீப்.

என் மீட்டரைப் பார்த்தேன். 20.9.

அண்ணனுடையது. 20.9.

பீப். பீப்.

தலைவருடையது. 18.8.

நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். ஒரே அறை. ஒரே காற்று. காற்றில் சுவர் எழுப்ப முடியாது.

17.2.

"என்னது... இது..." என்றார்.

15.6.

அவருடைய முகமூடி உள்ளே ஒட்டியது. மூச்சை இழுக்கும்போது அப்படி ஒட்டும். விடும்போது உப்பும்.

உப்பவில்லை.

ஒட்டியபடியே இருந்தது.

பல்லின் வடிவம் தெரிந்தது.

கை காற்றைப் பிறாண்டியது. அதே நேரத்தில் அவர் காதுப் பக்கம், எனக்கும் நன்றாகக் கேட்கும்படி...

ஃபூ...

"விட்டுடும்மா!" என்று கத்தினார் அண்ணன். என்னிடம் இல்லை. கூண்டைப் பார்த்துக் கத்தினார். "விட்டுடு தாயி! வெளிய போகட்டும்!"

கதவு நாலடி தூரத்தில்தான். தலைவர் அதைத் தேடிச் சுவரைத் தடவினார். நான்தான் அவர் காலரைப் பிடித்து இழுத்தேன். அண்ணன் கதவை உதைத்தார். மூன்று பேரும் நடைபாதையின் வெயிலில் போய் விழுந்தோம்.

முகமூடி உப்பியது.

அவருடைய மீட்டரில் 20.9.

பத்து நிமிடம் சுவரில் சாய்ந்து கிடந்தார். தண்ணீர் கொடுத்தோம். டாக்டரைக் கூப்பிடவா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும் எழுந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல், போனையும் பெல்ட்டையும்கூட எடுக்காமல் காரை நோக்கிப் போனார்.

நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். தைரியத்தில் இல்லை. ஐந்து மணிக்கு வண்டி வருகிறது, மாணவர்களின் மூன்று வருடம் நூலில் தொங்குகிறது. கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

புள்ளி தாளில் இருந்தது. சிலுவையின் நடுவில். ஆடாமல்.

ஊசியைப் பிடுங்கி, கூண்டுக்கு மின்சாரம் கொடுத்து, கதவை மூடி, முதலில் இருந்து சோதித்தேன். விரலால்தான் சுற்றிவிட்டேன். மூன்று முறை. மூன்று முறையும் புள்ளி சிலுவையில் வந்து நின்றது. அவ்வளவு அழகான தேர்ச்சியை நான் பார்த்ததே இல்லை. கையெழுத்துப் போட்டேன். வண்டி வந்தது. பெட்டி போனது.

அதன் பிறகு அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவதான் மேடம்" என்றார். "பெட்டிய விரலால தொடமாட்டா. விரல்ல எண்ணெய் இருக்கும்பா. முகமூடிய எறக்கிட்டு, வாயால ஊதித்தான் சுத்தவிடுவா. அதான் ஊதுகுழல்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"அன்னிக்கும் ஞாயித்துக்கிழமதான். மத்தியானம். டெஸ்டுக்கு நேரம் இல்ல, அப்படியே அனுப்புன்னுட்டாரு இவரு. அவ கேக்கல. யாருக்கும் சொல்லாம தனியா வந்திருக்கா. குழாய்ல கசிவு. அப்பல்லாம் சட்டையில குத்துற மீட்டர் கெடையாது, சுவத்துல ஒரு அலாரம்தான்."

"அது கத்தலையா?"

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் முன்னாடி பெரிய மனுஷங்க பாக்க வந்தாங்க. அலாரம் சும்மா சும்மா கத்திட்டு இருந்துச்சு. மானம் போகுது, வயரக் கழட்டுடான்னாரு. கழட்டினேன். அப்புறம் மாட்டச் சொல்லி நாந்தான் கெஞ்சினேன், அவங்க திரும்ப வருவாங்க, இருக்கட்டும்னுட்டாரு. திங்கக்கிழம காலைல அவளப் பாத்தது நாந்தான் மேடம். பெட்டி நூல்ல தொங்குது. இன்னும் சுத்தவே விடல. கீழ இவ படுத்திருக்கா, தூங்கற மாதிரி. போலீஸ் வர்றதுக்குள்ள வயர மாட்டுன்னு சொன்னாரு. மாட்டினேன்."

அந்தச் சோதனை நடக்கவே இல்லை. அவள் பொய் சொல்லவே இல்லை. சொல்வதற்கு அவளுக்கு வாயில் மூச்சு இல்லை. அவளைக் கொன்றதையும் மறைத்து, பெட்டி செத்த பழியையும் செத்தவள் மேல் போட்டு, அவள் சிரிக்கிற படத்தைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார் இந்த மனுஷன். அன்று அவருடைய காலரைப் பிடித்து இழுத்ததற்காக நான் என்னையே திட்டிக்கொண்டேன். இன்னும் திட்டிக்கொள்கிறேன்.

புகார் கொடுத்தோம். அண்ணன் சாட்சி சொன்னார். விசாரித்துவிட்டு ஆதாரம் இல்லை என்றார்கள். அண்ணனுக்கு வேலை போனது. தலைவர் அடுத்த மாதமே மரியாதையாக ஓய்வு பெற்றார்.

அவளுடைய அம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஜெயில், தண்டனை எதையும் அவர் கேட்கவில்லை. "எம்பொண்ணு பொய் சொல்லலன்னு ஒரே ஒரு வரி. அவர் கையால எழுதித் தந்தா போதும்மா" என்றார்.

பெட்டி மேலே போனது. சுற்றவில்லை. மாணவர்கள் துள்ளிக் குதித்தார்கள். முதல் படம் எடுக்கச் சொன்னோம். எங்கள் துறைமுகத்தைப் பார், எடு என்று கட்டளை. படம் வந்தது. துறைமுகம் ஓரத்தில் இருந்தது. நடுவில் வேறு எதுவோ, ஒரு குடியிருப்புப் பகுதி.

எங்கள் பெட்டி அவ்வளவு துல்லியம் இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே பார்க்கும். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது படம் எடுத்தோம். ஏரியைப் பார் என்றோம். நடுவில் அதே குடியிருப்பு. மூன்றாவது படத்திலும் அதே. ஒரு மாணவி படத்தின் நடுப்புள்ளி எந்த இடம் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் வைத்தாள். வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம்... இது நம்ம பழைய தலைவர் வீடு இருக்கிற தெரு."

அடுத்த மாதம் நடுப்புள்ளி திடீரென்று இடம் மாறியது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, எங்களில் யாருக்கும் தெரியாத ஊர். அப்பாடா, ஏதோ கோளாறுதான் என்று மூச்சு விட்டோம். பிறகு தெரிந்தது. அவர் மகள் வீட்டுக்குக் குடி போயிருக்கிறார்.

படங்களைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

ஒரு நாள் அவரிடமிருந்து போன் வந்தது. குரல் தேய்ந்திருந்தது.

"அது காலைல 9.48க்கு வந்துச்சா?"

"எது சார்?"

"பெட்டி. 9.48. அப்புறம் 11.22. ராத்திரி 9.05. 10.40."

பெட்டி ஓர் இடத்துக்கு மேலே ஒரு நாளில் நாலு முறை கடக்கும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டால்தான் தெரியும். அவருடைய மகளின் ஊருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

9.48. 11.22. 9.05. 10.40.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அந்தப் பத்து நிமிஷம்... மூச்சு உள்ள போகுது. வெளிய வரமாட்டேங்குது. எல்லா டாக்டரும் ஒண்ணுமில்லங்கறான். திருப்பிடும்மா. உன்னால முடியும். அத வேற பக்கம் திருப்பிடு."

"அவங்க அம்மாவுக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்க சார். அவ பொய் சொல்லலன்னு."

"அவ பொய்தான் சொன்னா" என்று போனை வைத்துவிட்டார்.

ஆனாலும் நான் திருப்பப் பார்த்தேன். மாணவர்களின் பெட்டி ஆயிற்றே. சூரியனைப் பார் என்று கட்டளை அனுப்பினேன். பெட்டி வாங்கிக்கொண்டது, சரி என்று பதிலும் அனுப்பியது. அடுத்த படத்தின் நடுவில் மகளின் தெரு.

நைட்ரஜனால் இறப்பவர்களுக்கு மூச்சு முட்டாது. தூக்கம் வருவது போல வரும், அவ்வளவுதான். அவள் அப்படித்தான் போனாள். அவருக்கு அந்த வசதியை அவள் தரவில்லை.

போன மாதம் பெட்டியின் பேட்டரி செத்துவிட்டது. இனி படம் இல்லை, பதில் இல்லை. சுருளுக்கும் மின்சாரம் இல்லை. ஊசி செருகிய அன்றைக்கு இருந்தது போல, மேலே சுற்றிக்கொண்டிருப்பது வெறும் அலுமினியம். விஷயம் முடிந்தது என்று அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

மறுநாள் காலை என் போன் அடித்தது. பழைய தலைவரின் எண். மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும். இழுக்கும் சத்தம்... இழுக்கும் சத்தம்... விடும் சத்தம் வரவே இல்லை. நேரத்தைப் பார்த்தேன். கணக்குப் போட்டேன். சரியாக இருந்தது.

இப்போதும் அடிக்கிறது. எடுத்ததும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "எழுதித் தர்றீங்களா சார்?" இதுவரை தரவில்லை.

அந்த உயரத்தில் இருந்து பெட்டி கீழே விழுந்து எரிய எவ்வளவு காலம் ஆகும் என்று மாணவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருடம்.